பிரேக் ஏன் கத்துகிறது?

1787-ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியலர் எர்ன்ஸ்ட் கிளாட்னி ஒரு நூலை வெளியிட்டார். ஒலியைக் கண்ணால் பார்க்க முடியும் என்று காட்டிய நூல் அது. மெல்லிய தகடு ஒன்றை நடுவில் பிடித்து நிறுத்தி, அதன்மேல் நுண்மணலைத் தூவினார். பிறகு வயலின் வில்லைத் தகட்டின் விளிம்பில் வைத்து இழுத்தார். தகடு ஒலித்தது. மணல் துள்ளி ஓடிச் சில கோடுகளில் மட்டும் போய்ப் படிந்தது. தகட்டில் அதிராமல் நிற்கும் இடங்கள் அந்தக் கோடுகள். மற்ற இடமெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. வில் படும் இடத்தையோ விரலால் தொட்டுப் பிடிக்கும் இடத்தையோ மாற்றினால் மணலின் கோலம் மாறியது. கூடவே சுருதியும் மாறியது.

மலைச் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கை இந்தச் சோதனைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுவாக 160 முதல் 203 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வட்டு, அதுதான் ரோட்டார். அதன் தடிமன் பெரும்பாலும் 1.8 மி.மீ. நடுப்பகுதி சக்கரத்தின் ஹப்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. லீவரை இழுத்ததும் விளிம்பை இரு பக்கமும் இரண்டு உராய்வுத் துண்டுகள், அதாவது பேட்கள், கவ்வுகின்றன. நடுவில் பிடிக்கப்பட்ட தகடு, விளிம்பில் உராயும் பொருள், அந்த உராய்வுக்கு ஆற்றல் தரும் ஓட்டம் என்று கிளாட்னியின் சோதனைக்கு வேண்டிய அத்தனையும் இங்கே இருக்கிறது. அப்படியிருக்க, பிரேக் கத்துவதில் வியப்பில்லை. பெரும்பாலான நேரம் அது கத்தாமல் இருக்கிறதே, அதுதான் விளக்கம் கேட்கிறது. அந்த விளக்கம் கைக்கு வந்தால், கத்தும் பிரேக்கை எங்கே தொட்டு அடக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

செம்பில் தொடங்கிய அலறல்

டிஸ்க் பிரேக்குக்கு என்ன வயதோ அதே வயதுதான் அதன் சத்தத்துக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கார் தயாரித்துவந்த ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-இல் இந்த பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் ஓர் உலோகத் தட்டு, அதன் விளிம்பைக் கவ்வும் இடுக்கி. இன்றைக்கும் அமைப்பு அதுதான். இடுக்கியின் வாயில் அவர் செம்பைப் பொருத்தியிருந்தார். உலோகத்தின்மேல் உலோகம் உரசியபோது எழுந்த அலறல் காதைக் கிழித்தது. 1907-இல் ஹெர்பர்ட் ஃபிரூட் என்ற ஆங்கிலேயர் செம்புக்குப் பதிலாகக் கல்நாரைப் பயன்படுத்தலாம் என்று கண்டார். சத்தம் தணிந்தது, பேட்டின் ஆயுளும் கூடியது. கல்நார் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான பிறகு பல நாடுகள் அதைத் தடைசெய்தன. ஆனால் ஃபிரூட் காட்டிய பாதை நிலைத்துவிட்டது. தட்டை அப்படியே விட்டுவிட்டு அதைத் தொடும் பொருளை மாற்றினாலே அலறலை அடக்க முடியும் என்பது அன்று தெரிந்தது.

சைக்கிளுக்கு இந்த பிரேக் வந்து சேர்ந்த கதை மலைச்சரிவில் தொடங்குகிறது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைக்கு ஏற்றிக் கொண்டுபோய், மண்பாதையில் கீழே விட்டார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கருகே ஒரு சரிவில் அவர்கள் பந்தயமும் நடத்தத் தொடங்கினார்கள். அந்தச் சரிவுக்கு வந்த பெயர் ‘ரீபேக்’. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் கோஸ்டர் பிரேக்தான் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். அடுத்த இறக்கத்துக்கு முன் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். அந்த மறு அடைப்புதான் சரிவுக்குப் பெயரானது.

கிரீஸ் ஏன் புகைந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பாதை மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறங்குகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 3,90,000 ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் வெப்பமாக வேண்டும்.

பிறகு வந்த ரிம் பிரேக்குகள் அந்த வெப்பத்தைச் சக்கரத்தின் வளையத்துக்கு மாற்றின. ஆனால் சேறு பட்டால் அவற்றின் பிடிப்பு போனது. ரிம்மில் கோட்டம் விழுந்தால் பிரேக்கும் கெட்டது. 1990-களின் பிற்பகுதியில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் மலைச் சைக்கிள்களில் பரவத் தொடங்கியதற்கு இவையே காரணம். சேற்றுக்கு எட்டாத உயரத்தில், ஹப்புக்குப் பக்கத்தில் அது வேலை செய்கிறது. அதற்கு ஈடாக நாம் ஏற்றுக்கொண்டது, எளிதில் அதிரக்கூடிய ஒரு மெல்லிய தகட்டை.

பற்றுவதும் நழுவுவதும்

இரண்டு பரப்புகள் உரசினால் வெப்பம் வருவது புரிகிறது. ஒலி எங்கிருந்து வருகிறது? இதற்கான முதல் தெளிவான விடை வயலினிலிருந்து கிடைத்தது. வில் கம்பியைச் சீராக இழுப்பதுபோல் தோன்றினாலும் கம்பி அப்படி நகர்வதில்லை என்று 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். வில்லோடு ஒட்டிக்கொண்டு கம்பி சிறிது தூரம் போகிறது, இழுவிசை தாங்காத கணத்தில் சடக்கென்று நழுவித் திரும்புகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு பற்று, ஒரு நழுவல். சுருதி 440 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 440 முறை இது நடக்கிறது.

இதை மேலே கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் அவர் வயலின் கம்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வில்லால் இழுக்கப்படும் கம்பியின் அதிர்வைப் பற்றிய அவருடைய விரிவான கோட்பாடு 1918-இல் வெளியானது. மனிதக் கைக்குப் பதிலாக எந்திரத்தால் வயலினை வாசிக்கவைத்து, வில்லின் அழுத்தமும் வேகமும் அது படும் இடமும் ஒலியை எப்படி ஆளுகின்றன என்றும் அளந்தார். ஒரு நல்ல சுரம் நிலைக்க வேண்டுமானால் வில்லின் அழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்க வேண்டும். வில்லின் வேகமும் இடமும் மாறினால் அந்த அளவும் மாறும். சைக்கிள் பிரேக்கின் ஒலியும் இப்படி அழுத்தத்தையும் வேகத்தையும் பொறுத்தே எழுவதும் அடங்குவதும். லீவரை மெல்லத் தொட்டால் கத்தும் பிரேக், அழுத்திப் பிடித்தால் சில நேரம் அடங்கிவிடும். வேகம் குறைந்து நிற்கப்போகும் கடைசி கணத்தில் மட்டும் கத்தும் பிரேக்குகளும் உண்டு.

உலோகங்கள் உரசும்போதும் இந்தப் பற்று-நழுவல் நடக்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் பவ்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1930-களின் இறுதியில் சோதனைகளால் நிறுவினார்கள். பளபளப்பான பரப்பும்கூட நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. உண்மையில் தொடும் பரப்பு, கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறிய பகுதி. உராய்வு என்பது அந்த உச்சிகள் ஒட்டுவதும் அறுபடுவதும். ஆகவே அந்த உச்சிகளின்மேல் என்ன படிந்திருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று போதும், பிரேக்கின் குணமே மாறிவிடும்.

இந்த அதிர்வு தேய்ந்து அடங்காமல் வளர்வது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேட் முன்னும் பின்னும் நுண்ணளவில் ஆடுகிறது. ரோட்டார் போகும் திசையிலேயே பேட் நகரும் அரை அதிர்வில், இரண்டுக்கும் இடையிலான வேகம் குறைகிறது. எதிர்த்திசையில் திரும்பும் மறு பாதியில் அந்த வேகம் கூடுகிறது. உராய்வு விசையோ எப்போதும் ரோட்டார் போகும் திசையிலேயே பேட்டை இழுக்கிறது. வேகம் குறையும்போது உராய்வு கூடுகிற பொருளாக இருந்தால், முதல் பாதியில் பேட்டைத் தள்ளிவிடும் விசை பெரிது. மறு பாதியில் அதைத் தடுக்கும் விசை சிறிது. கணக்குத் தீர்த்துப் பார்த்தால் ஒவ்வோர் அதிர்விலும் கொஞ்சம் ஆற்றல் மிச்சப்பட்டு அதிர்வில் சேர்கிறது. அடுத்த ஆட்டம் முந்தையதைவிடப் பெரிதாகிறது. இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் காதைத் துளைக்கும் கூச்சலாகிறது. வேகம் மாறினாலும் உராய்வு ஏறத்தாழ மாறாமல் நிற்கும் பேட்டில் இந்த மிச்சம் கிடைப்பதில்லை. அதிர்வு ஊட்டமின்றி அடங்குகிறது.

சாக்பீஸ் சொல்லும் மறுபாதி

இந்த விளக்கம் உண்மை, ஆனால் முழுமையன்று. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடும்போது ஆசிரியர் என்ன செய்வார்? சாய்வை மாற்றிப் பிடிப்பார். அல்லது சாக்பீஸை இரண்டாக ஒடித்துக்கொள்வார். சத்தம் நின்றுவிடும். சாக்பீஸ் அதேதான், பலகையும் அதேதான், உராயும் பொருள்களில் எதுவும் மாறவில்லை. மாறியது கோணமும் நீளமும்.

1961-இல் ஆர்.டி. ஸ்பர் என்ற ஆய்வாளர் பிரேக்கின் கீச்சொலிக்கு முன்வைத்த கோட்பாடு இந்தத் திசையில் போனது. உரசும் பொருள் சாய்ந்த கோணத்தில் முட்டிக்கொண்டிருந்தால், உராய்வே அதை மேலும் அழுத்தும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். ஓர் எல்லையில் பிடிமானம் வளைந்து கொடுத்து விடுவிக்கும். பிறகு மறுபடி முட்டும். உராய்வு எண் துளியும் மாறாவிட்டாலும் அமைப்பின் வடிவமே அதிர்வை உண்டாக்கிவிடும். பின்னர் வந்த பொறியாளர்கள் இன்னொன்றையும் சேர்த்தார்கள். ரோட்டாருக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு, பேட்களைத் தாங்கும் இடுக்கியான காலிப்பருக்கும் பேட்டுக்கும் உண்டு. இந்த எண்கள் தற்செயலாக நெருங்கியிருக்கும்போது, உராய்வு அவற்றை ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. தனித்தனியே அமைதியாக இருந்த இரண்டு பாகங்கள் சேர்ந்து கத்தத் தொடங்குகின்றன.

மலைச் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கையே எடுத்துக்கொண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உச்சத்தில் ஒலிக்கும் கீச்சொலியையும் அதைவிடத் தாழ்ந்த தடதடப்பையும் இரண்டு தனி நிகழ்வுகளாகப் பிரித்து ஆராய்ந்தது. சைக்கிள் வைத்திருப்பவருக்கு இவை எல்லாவற்றிலிருந்தும் கிடைக்கும் பாடம் பெரிது. பிரேக் சத்தத்துக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு: ஒன்று பரப்பு, மற்றொன்று அமைப்பு. பரப்பில் பிறந்த சத்தத்துக்குப் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. அமைப்பில் பிறந்த சத்தத்துக்கு அதே வகையில் புதிய பேட் வாங்கிப் போடுவது வீண் செலவு. எனவே கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் காதைத் திறக்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: லீவரைத் தொடாதபோதும் சத்தம் வருகிறதா? வந்தால் அது உரசல். ரோட்டாரும் பேட்டும் தேவையில்லாத நேரத்தில் தொட்டுக்கொள்கின்றன.

இரண்டாவது கேள்வி: வேகத்தோடு சத்தம் மாறுகிறதா? 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். ‘ஷிங்... ஷிங்...’ என்று அதே கதியில் விட்டுவிட்டு வந்து, வேகம் கூடினால் நெருங்கி வரும் சத்தத்துக்குக் காரணம், சுழலும் ஒன்றில் ஓரிடத்தில் இருக்கும் குறை. பெரும்பாலும் ரோட்டாரின் கோட்டம். மாறாக, 10 கிலோமீட்டர் வேகத்திலும் 25 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரே சுருதியில் நிற்கும் கூச்சல், ஏதோ ஒரு பாகம் தன் இயல்பான அதிர்வெண்ணில் ஒலிக்கிறது என்பதற்கு அடையாளம். வில்லை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் கம்பி தன் சுருதியிலேயே நிற்பதும் இதனால்தான்.

மூன்றாவது கேள்வி: கத்தும்போது பிடிப்பு எப்படி இருக்கிறது? கூச்சலும் கூடவே வலுவில்லாத பிடிப்பும் என்றால் குற்றம் பரப்பில் இருக்கிறது. கூச்சல் இருந்தும் பிரேக் உறுதியாக நிறுத்துகிறது என்றால் அமைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மழையை மட்டும் தனியே வைத்துக்கொள்ளலாம். நனைந்த ரோட்டார் ஊளையிடுவது இயல்பு. நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் நீர் ஆவியாகிச் சத்தமும் அடங்கும். காய்ந்த பிறகும் அடங்காவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

லீவரைத் தொடாமலே வரும் சத்தம்

பேட்டுக்கும் ரோட்டாருக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான். முதலில் சக்கரத்தின் ஆக்சில் ஃபிரேமில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, இறுக்கம் சரியா என்று பாருங்கள். பல உரசல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினால், பேட்டுகளுக்கு நடுவே ரோட்டார் ஓடும் வெளிச்சக் கோடு தெரியும்.

கோடு ஒரு பக்கம் எப்போதும் குறுகலாக இருந்தால் காலிப்பர் விலகியிருக்கிறது. அதன் இரண்டு போல்ட்களையும் காலிப்பர் அசையும் அளவுக்குத் தளர்த்தி, லீவரை இழுத்துப் பிடித்தபடி இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பேட்கள் ரோட்டாரைக் கவ்வியிருப்பதால் காலிப்பர் தானே நேராகிக்கொள்ளும். ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் காலிப்பர் திரும்பிவிடும்.

கோடு சுழற்சிக்கு ஒருமுறை குறுகி விரிந்தால் ரோட்டாரில் கோட்டம். சைக்கிள் கடைகளில் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பதைப்போலவே இதற்கும் எடுக்கலாம். குறுகும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கென்று உள்ள வெட்டுவாய்க் கருவியாலோ சுத்தமான துணி சுற்றிய ஸ்பேனராலோ எதிர்ப்பக்கம் மிகமிக மெல்ல வளைக்க வேண்டும். விரலை ரோட்டாரின் துளைகளுக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. சுழலும் ரோட்டார் விரலைத் துண்டித்துவிடும். சரிவு இறங்கி நின்ற ரோட்டார் தோலைப் பொசுக்கிவிடும்.

ஒரு பேட் மட்டும் பின்வாங்காமல் நின்றால் அது பிஸ்டனின் குறை. ஹைட்ராலிக் காலிப்பரில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கத் தனி ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டுக் கொண்ட ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் வெளியே தள்ளப்படும்போது வளையம் முறுக்கிக்கொள்கிறது. லீவரை விட்டதும் தன் வடிவத்துக்குத் திரும்பி பிஸ்டனையும் இழுத்துக்கொள்கிறது. பிஸ்டன் சுவரில் அழுக்கு சேர்ந்தால் வளையம் முறுக்கிக்கொள்வதற்குப் பதிலாக வழுக்கிவிடும்; பிஸ்டன் முன்னேயே நின்றுபோகும். பேட்களைக் கழற்றிப் பிஸ்டன் சுவரைத் துடைத்து, அந்த பிரேக்குக்கு உரிய திரவத்தில் ஒரு துளி தடவி, பிளாஸ்டிக் பட்டையால் உள்ளே தள்ளி, எல்லாவற்றையும் மறுபடி சுத்தமாகத் துடைத்த பிறகே பேட்டை மாட்ட வேண்டும். சக்கரம் கழன்றிருக்கும்போது, நடுவில் தடுப்புத் துண்டு வைக்காமல் லீவரை இழுத்தால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும்.

எண்ணெய் குடித்த பேட்

கூச்சலும் பிடிப்புக் குறைவும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் எண்ணெய்தான். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது காற்றில் பறக்கும் துளிகள், பளபளப்புக்காகப் பூசும் சிலிக்கோன் பாலிஷ், சாலையில் சிந்திய டீசல், ரோட்டாரைத் தொட்ட விரலின் பிசுக்கு, காலிப்பரிலிருந்து கசியும் பிரேக் திரவம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ரோட்டார் எஃகு, துடைத்தால் போய்விடும். பேட் அப்படியல்ல. பிசினால் பிணைக்கப்பட்ட ரெசின் பேட் நுண்துளைகள் நிறைந்தது. எண்ணெய் உள்ளே ஊறிவிடும். ஒவ்வொரு முறை சூடாகும்போதும் கொஞ்சம் மேலே வரும்.

ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் நனைத்த, நார் உதிராத சுத்தமான துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பேட்டின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால், கடும் வெப்பத்தில் பிசின் இறுகிப் பளிங்குபோல் ஆகியிருக்கிறது என்று பொருள். சமதளமான ஒரு பரப்பில் உப்புத்தாளை விரித்து, பேட்டின் முகத்தை அதன்மேல் வட்டமாகத் தேய்த்தால் அந்த மேல்தோல் போய்விடும். அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

எண்ணெய் ஆழமாக ஊறிய பேட்டை அடுப்பில் சுட்டும் தீயில் வாட்டியும் பிழைக்கவைக்கப் பலர் முயல்கிறார்கள். நச்சுப் புகையை மூச்சில் ஏற்றும் வேலை அது. ஊறிய எண்ணெயும் முழுதாகப் போவதில்லை. உயிரைக் காக்கும் பாகத்தில் இந்தச் சிக்கனம் வேண்டாம். புதிய பேட் போடுவதே சரி. போடுவதற்கு முன் ரோட்டாரைச் சுத்தம் செய்யுங்கள். காலிப்பரில் கசிவு இல்லையென்றும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கசிவை விட்டுவைத்தால் புதிய பேட்டும் பழையதன் வழியே போகும்.

எந்த வகைப் பேட் என்பதும் முக்கியம். ரெசின் பேட் பொதுவாக அமைதியானது; உலர்ந்த பாதையில் உடனே பிடிக்கும்; ஆனால் மழையிலும் மணற்சேற்றிலும் விரைவாகத் தேயும். உலோகத் துகள்களைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் அதிக வெப்பத்தையும் சேற்றையும் தாங்கும், அதிகம் சத்தமிடும். ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ரோட்டாரிலேயே பொறித்திருந்தால் அதில் உலோகப் பேட்டைப் போடக் கூடாது. ரோட்டார் வேகமாகத் தேய்ந்துவிடும்.

பேட்டைப் பழக்குதல்

புதிய பேட்டும் சுத்தமான ரோட்டாரும் மாட்டியவுடன் பிரேக் வேலை முடிந்துவிடுவதில்லை. நல்ல பிரேக்கில் பேட் நேரடியாக எஃகின்மேல் மட்டும் உரசுவதில்லை. பேட்டின் பொருள் மிக மெல்லிய படலமாக ரோட்டாரில் படிந்திருக்கும். பேட் அந்தப் படலத்தின்மேல்தான் உரசுகிறது. அந்தப் படலம் சீராக இருந்தால் உராய்வும் சீராக இருக்கும். திட்டுத் திட்டாகப் படிந்தால், ஓரிடத்தில் அதிகமும் இன்னோரிடத்தில் குறைவுமாகப் பிடித்து நடுக்கத்துக்கு வித்திடும்.

அந்தப் படலத்தை இடும் வேலை ஓட்டுபவருடையது. வண்டி நடமாட்டமில்லாத பாதையில் மிதமான வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடக்கும் வேகத்துக்குக் குறையும்வரை சீராக ஒரு பிரேக்கைப் பிடியுங்கள். முழுதாக நிற்பதற்கு முன் விட்டுவிடுங்கள். சூடான பேட் நின்ற இடத்திலேயே கவ்விக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் தடித்த படலம் பதிந்துவிடும். இப்படி இருபது முறை. பிறகு இன்னும் வேகமாகப் போய் இன்னும் அழுத்தமாகப் பத்து முறை. முன், பின் என்று இரண்டு பிரேக்குகளுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். பிடிப்பு படிப்படியாக ஏறுவது விரலில் தெரியும். புதிய பேட் போட்டும் சத்தம் போகவில்லை என்று வருந்துபவர்கள் தவறவிட்டது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தைத்தான்.

உறுதியாகப் பிடித்தும் கத்தினால்

பரப்பு சுத்தம், பேட் பழகியது, பிடிப்பு உறுதி, ஆனாலும் கத்துகிறது என்றால் அமைப்புக்குப் போகலாம். ரோட்டாரை ஹப்போடு பிணைக்கும் போல்ட்களில் தொடங்குங்கள். ஆறு போல்ட் அமைப்பானால் குறுக்கெதிராக ஒன்று விட்டு ஒன்று இறுக்க வேண்டும். இறுக்க அளவுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிமானோ தன் ஆறு போல்ட் ரோட்டார்களுக்கு 2 முதல் 4 நியூட்டன் மீட்டரும், காலிப்பர் போல்ட்டுகளுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டரும், போல்ட்களுக்குப் பதிலாக ஒரே வளையத்தால் ரோட்டாரைப் பிணைக்கும் சென்டர்லாக் அமைப்பின் வளையத்துக்கு 40 நியூட்டன் மீட்டரும் சொல்கிறது. டார்க் ரென்ச் இருந்தால் ஊகம் தேவையில்லை.

அடுத்து ஹப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க, ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டின் ஆட்டம் கையில் தெரியும். தளர்ந்த ஸ்போக்குகளும் அதிர்வுக்கு இடம் கொடுக்கும். காலிப்பர் உட்காரும் மேடையில் தடித்த பெயின்ட் இருந்தாலோ அது ரோட்டாருக்குச் செங்குத்தாக இல்லாவிட்டாலோ பேட் ரோட்டாரைச் சாய்வாகத் தொடும். ஸ்பர் சொன்ன முட்டல் அங்கே தொடங்கும். அந்த மேடையைச் சீவிச் சமப்படுத்தும் கருவி நல்ல பழுதுபார்ப்புக் கடைகளில் இருக்கும்.

தேய்மானத்தையும் அளந்துவிடுங்கள். 1.8 மி.மீ. தடிமனில் வரும் சிமானோ ரோட்டார் 1.5 மி.மீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். பேட்டின் உராய்வுப் பொருள் 0.5 மி.மீட்டருக்கு வந்துவிட்டால் அதற்கும் ஓய்வு. தேய்ந்த ரோட்டாரின் அதிர்வெண்ணும் மாறிவிடும். இதையெல்லாம் செய்தும் அடங்காத சைக்கிளில், வேறு அளவு அல்லது வேறு வடிவ ரோட்டார், வேறு வகைப் பேட் என்று மாற்றும்போது சத்தம் மறைந்துபோவதுண்டு. நெருங்கிக் கிடந்த இரண்டு அதிர்வெண்கள் விலகிவிட்டன என்பதே அதன் பொருள்.

லாஞ்செஸ்டரின் செம்புக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. கணினியில் பிரேக்கின் ஒவ்வொரு பாகத்தையும் மாதிரியாக்கி அதிர்வைக் கணக்கிடும் கார் நிறுவனங்களாலும், எந்த பிரேக் எந்த நாளில் கத்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உரசும் பரப்பு ஒவ்வொரு பிடிப்பிலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் தூசியாலும் புதிதாகிக்கொண்டே இருப்பதுதான் காரணம். இத்தனை சிக்கலான ஒன்றை வீட்டு முற்றத்தில் சரிசெய்ய முடிகிறது என்றால், அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிக் கேளுங்கள். பிறகு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சத்தம் நின்றால், எது நிறுத்தியது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சத்தம் அடங்கியதோடு வேலை முடிந்துவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. எண்ணெயில் முழுக்க ஊறிய பிரேக்கும் சில நேரம் ஓசையே இல்லாமல் வழுக்கும். கத்திக்கொண்டே நிறுத்தும் பிரேக்கைவிட அது ஆபத்தானது. சமதளத்தில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். லீவர் கைப்பிடியைத் தொடுமுன் கெட்டியாக நிற்க வேண்டும். சைக்கிள் எதிர்பார்த்த தூரத்துக்குள் நிற்க வேண்டும். இந்த இரண்டும் தேறிய பிறகே மலைப்பாதைக்குப் போகலாம்.